உனக்குச் சிரிப்பு வராது என்று சொன்னவள்

செல்லாயி,

இங்கு யாவரும் சுகம், அங்கு உன் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்க வேண்டும் என நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இன்றைக்கு அப்படித் தொடங்கக் கை வரவில்லை. நேற்று உன் அப்பா கீரனூருக்குப் போய்க் கொடுத்த தந்தி இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். "கம்பெனிக்குப் பதில் எழுதாதே, கடிதம் வருகிறது" என்று மட்டும்தான் அதில் இருந்தது. தந்தி என்றதும் யாருக்கு என்னவோ என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பா நன்றாக இருக்கிறார். நானும் இருக்கிறேன். நான் செய்த ஒரு காரியத்தை உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. அதைப் படித்த பிறகு நீ என்னை என்னவென்று நினைப்பாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. புதுக் கம்பெனி ஒன்று உன்னை ஒரே படத்தில் இரண்டு வேஷத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், அக்காள் படித்தவள், தங்கை பட்டிக்காட்டிலேயே வளர்ந்த வாயாடி, அந்தத் தங்கை வேஷம் கொட்டகையே குலுங்கச் சிரிக்க வைக்க வேண்டிய வேஷம் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, "எனக்கு அது ஒத்து வராது ஆத்தா. எனக்குச் சிரிப்பு வராது என்று அந்த டைரக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டாரே. தெரிந்தே போய் ஏன் அவமானப்பட வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் முடியாதென்று எழுதிவிடுவேன்" என்றும் எழுதியிருந்தாய். அந்த நான்கு வரிகளை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. செல்லாயி, அந்த டைரக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னவள் நான்.

உலகத்தில் உன் நடிப்பைப் பார்த்து முதன்முதலில் சிரித்தவளும் நான்தான் என்பதுதான் இதில் பெரிய வெட்கம். உனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ இருக்கும். நம் ஊருக்கு அம்மை குத்த ஓர் ஆள் வருவார். அவர் வந்துவிட்டுப் போன மறுநிமிஷம், அப்பாவின் வேட்டியைச் சுற்றிக்கொண்டு, அகப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அடுப்படிக்கு வந்து நிற்பாய். "ஏம்மா, ஊசியக் கண்டா ஓடுறீங்க, அம்மை வந்தா மட்டும் எங்கிட்டு ஓடுவீங்க?" என்று அவர் மூக்கால் பேசுவது போலவே பேசுவாய். எனக்கு மூச்சு முட்டும். உலை பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடத்து வாத்தியார், கோழிக்குஞ்சைத் தேடுகிற பக்கத்து வீட்டுக்காரி என்று நீ எடுத்துக் காட்டாத ஆள் இந்த ஊரில் இல்லை. என்னைத் தவிர. அதை நான் அப்போது கவனித்ததில்லை. பிற்பாடு நினைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஏழு வயதிலேயே என் மனசு நோகக் கூடாது என்று நீ என்னை விட்டு வைத்திருந்தாய்.

என் நடையைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த வருஷம், கண்மாய்ப் படியில் குடத்தோடு விழுந்தேன். வைத்தியர் கட்டிய கட்டு சரியில்லை. எலும்பு கோணலாய்க் கூடிவிட்டது. அதிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறேன். புதுப்பெண் தண்ணீருக்குப் போகும்போது தெருப் பிள்ளைகள் வரிசையாக எனக்குப் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வருவார்கள். பெரியவர்கள் அதட்டுவது போல அதட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பதினாறு வயதில் அப்படி ஒரு வருஷம் நடந்தேன். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது என்னவென்று நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தசராவுக்கு அப்பா உன்னைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனதும், அங்கே பஜனையில் நீ பாடியதைக் கேட்டுப் படக் கம்பெனி ஆள் ஒருவர் வீடு தேடி வந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருஷமாகக் கண்மாய் நிரம்பாத காலம். ஆனாலும் உறவில் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. அறந்தாங்கியில் என் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்குப் பாக்கு வைக்கவில்லை. "புள்ளைக்கு ஆசையா இருக்குல்ல, நீயும் கூடப் போ. கூட ஆத்தா இருந்தா எவன் என்ன பேசுவான்?" என்று உன் அப்பா ஒருவர்தான் சொன்னார். நிலத்தையும் மாட்டையும் அவர் பார்த்துக்கொண்டார். பதினான்கு வயதுப் பெண்ணோடு நான் பட்டணத்துக்கு ரயில் ஏறினேன்.

முதல் இரண்டு படமும் புராணம். நீ அம்மன் வேஷத்தில் வந்த படம் அறந்தாங்கிக் கொட்டகையில் ஓடியபோது, பாக்கு வைக்காத அதே அண்ணன் மாலை வாங்கிக்கொண்டு வந்தார். கோயிலில் என்னை முன்னால் நிறுத்தித் தீபாராதனை காட்டினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்துப் போயிற்று. நீ ஆயுசு முழுக்க அம்மனாகவே நடித்தால் போதும் என்றிருந்தது. உனக்கு அது போதவில்லை. "தினமும் ஒரே கொழம்ப ஊத்துனா ஆரு திம்பா ஆத்தா?" என்றாய். கத்திச் சண்டை போடுகிற ராஜகுமாரி வேஷத்துக்கு ஒப்புக்கொண்டாய். கால்சட்டை போட்டுக் குதிரை ஏற வேண்டும் என்றதும் நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து நீயும் சாப்பிடவில்லை. கடைசியில் குதிரை ஏறினாய், விழுந்தாய், தோள்பட்டையில் கட்டோடு பத்து நாள் இருந்துவிட்டு மறுபடியும் ஏறினாய். அப்புறம் விதவை வேஷம், அப்புறம் வில்லி. நல்ல பெண்ணின் பாலில் விஷம் கலக்கிற அந்த வேஷத்துக்காக உன்னை ஜனங்கள் திட்டினார்கள். அதைக் கேட்டு, "அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கேன்" என்று நீ சந்தோஷப்பட்டாய். ஒவ்வொன்றுக்கும் நான் தடுத்தேன். ஒவ்வொன்றிலும் நீ சொன்னதே சரியாயிற்று. அதையெல்லாம் நேருக்கு நேர் நின்று தடுத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த நாட்களில்தான் எனக்கு எழுத்து வந்தது. ஷூட்டிங் நடுவில் விளக்கு மாற்றுவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். நீ வசனக் காகிதத்தை மடியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் காட்டி எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தாய். அதனால்தான் பேசுகிற மாதிரி எனக்கு எழுத வராது. வசனத் தமிழ்தான் வரும். மற்ற நடிகைகளின் அம்மாக்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, என் மகள் முகத்துச் சாயம் காயும் முன்னே என் விரலைப் பிடித்து எழுத வைத்தாள். அந்த மகளுக்குத்தான் நான் இதைச் செய்தேன்.

விதவைப் படத்துக்கு ஒரு கண்ணாடி போட்ட டைரக்டர் இருந்தாரே, அவர் ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்தார். நீ குளித்துக்கொண்டிருந்தாய். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அம்மா, நேத்து சாப்பாட்டு வேளையில நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்களே, அப்ப உங்க பொண்ணு உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டிச்சு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். நாம் முதன்முதல் ஸ்டுடியோவுக்குள் போன அன்று, எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் "சைலன்ஸ், சைலன்ஸ்" என்று கத்தினார். "ஆரும் பேசலையே, நீங்கதானே கத்துறீங்க" என்று நான் கேட்டேன். அதை நீ செய்து காட்டினாயாம். தலைக்கு மேல் தொங்குகிற மைக்கைப் பார்த்து நான் குனிந்து குனிந்து போவதைச் செய்தாயாம். என் நடையையும் நடந்தாயாம்.

"லைட் போடற ஆளுங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்கம்மா. அழ வைக்கறதுக்கு இங்கே பத்துப் பேர் இருக்காங்க. இப்படிச் சிரிக்க வைக்க ஒருத்தரும் இல்லை. நான் ஒரு சிரிப்புப் படம் எடுக்கப் போறேன். கிராமத்துலேருந்து வர்ற ஒரு பொம்பளைதான் கதையே. உங்க பேச்சு, உங்க நடை, அப்படியே வேணும். அந்தப் பொண்ணு செஞ்சா நாடே சிரிக்கும்" என்றார்.

நாடே சிரிக்கும் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் அதற்கு மேல் ஒன்று சொன்னார். "கேலியா செய்யலைம்மா, அவ்வளவு பிரியமா செஞ்சுச்சு, அதனாலதான் அப்படிச் சிரிப்பு வந்தது" என்றார். அது என் காதில் விழவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது செல்லாயி. நன்றாகவே விழுந்தது. ஆனால் கண்மாய்க் கரையில் எனக்குப் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வந்த பிள்ளைகளோடு என் மகளும் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. எழுந்து நின்றேன்.

"எம் மக அந்த மாதிரி வேசமெல்லாம் கட்டமாட்டா. அதெல்லாம் கேவலம்னு அவளே சொல்லிட்டா. இதுக்காக இனிமே இங்கிட்டு வராதீங்க" என்றேன். நீ சொல்லாததை நீ சொன்னதாகச் சொன்னேன். அந்த மனுஷர் முகம் சுண்டிப் போயிற்று. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

நீ ஈரத்தலையோடு வந்தாய். "ஆரு ஆத்தா வந்தது?" என்று கேட்டாய். அந்த நிமிஷத்தில்கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன்டி என்னை எல்லாரும் சிரிக்கும்படி பண்ணினாய் என்று கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். நீ அழுதிருப்பாய், நான் அழுதிருப்பேன், மத்தியானத்துக்குள் சரியாகியிருக்கும். ஆனால் நான் சொன்னது இதுதான்:

"டைரக்டர் வந்தாரு. சிரிப்புப் படம் ஒண்ணு எடுக்குறாராம். ஒன்னப் போடலாம்னு யோசிச்சாராம். அப்புறம் ஒனக்குச் சிரிப்பு வராதுன்னு விட்டுட்டாராம். ஒம் மொகம் அழுகைக்குத்தான் லாயக்காம்."

"அப்படியா சொன்னாரு?" என்று நின்றாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நேத்து நல்லாச் சிரிச்சாரே ஆத்தா."

"எதுத்தாப்புல சிரிப்பாங்க. பின்னாடி போயி இப்படித்தான் பேசுவாங்க."

நீ தலையைத் துவட்டப் போய்விட்டாய். நான் சொன்னால் அது உனக்கு உண்மை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் உன்னை அடித்தேன்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் நீ கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். மெதுவாகச் சிரித்தாய், பல் தெரியச் சிரித்தாய், சத்தமாகச் சிரித்தாய். நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "நான் சிரிச்சா நல்லா இல்லையா ஆத்தா?" என்று கேட்டாய். "வாய் லேசாக் கோணுது" என்றேன். ஏன் சொன்னேன்? ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அது விழுந்துவிடாமல் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து நீ சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கத் தொடங்கினாய். படத்தில் மட்டுமில்லை, வீட்டிலும்தான். அப்பா வந்திருந்தபோது, "என்ன புள்ள, புதுசா வெக்கம்?" என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த டைரக்டர் வேறொரு பெண்ணை வைத்து அந்தப் படத்தை எடுத்தார். நாம் இருவரும் போய்ப் பார்த்தோம். கொட்டகை சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அந்தப் பெண் செய்வதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு ஜட்கா வண்டியில் வரும்போது, "பேச்சு கொஞ்சம் செயற்கையா இருந்துச்சு. ஆனா எனக்கு இந்த அளவுக்குக்கூட வராதுன்னுதானே சொன்னாரு" என்றாய். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவரும் திருப்பிக்கொண்டார். உன்னைக் கர்வம் பிடித்தவள் என்று அவர் நினைத்தார், அவரை நன்றியில்லாதவர் என்று நீ நினைத்தாய். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை தவறாகப் பேசாத இரண்டு பேர். நடுவில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலி செய்தபோது நான் ஊருக்கு வந்தேன். கால்வலி என்று சொல்லி இங்கேயே தங்கிவிட்டேன். கால்வலி உண்மைதான். ஆனால் நீ வாயில் கை வைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பதும் உண்மை. போன மாசம் கீரனூர்க் கொட்டகையில் உன் புதுப் படம் வந்தது. அப்பாவும் நானும் போனோம். ஒரு இடத்தில் புருஷன் ஏதோ சொல்ல, நீ சிரிக்க வேண்டும். கை தானாக வாய்க்குப் போயிற்று. எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "என்ன அடக்கம் பாருங்க. பெத்தவ நல்லா வளத்துருக்கா" என்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. படம் முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் சும்மா இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். நீ முடியாதென்று எழுதிவிட்டால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, இது என்னோடு போய்விடும் என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். புதன்கிழமை காலையில் அப்பா மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும்தான் நிமிர்ந்தார்.

"இத அவகிட்டச் சொன்னியா?"

"இல்லைங்க."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

திட்டவில்லை. முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வெள்ளிக்கெழமைக்குள்ள கடுதாசி போய்ச் சேராது. நான் தந்தி குடுத்துட்டு வாரேன். நீ ஒக்காந்து எழுது" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்.  இன்றைக்குக் காலையிலிருந்து நான் எழுத, இதைத் தபாலில் சேர்க்க அவர் வாசலில் காத்திருக்கிறார்.

புத்தி சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பட்டுத் தெரிந்துகொண்டது என்பதால். உன்னைப் பற்றி இன்னார் இப்படிச் சொன்னார் என்று யார் வந்து சொன்னாலும், பெற்றவளே சொன்னாலும், அவரிடம் நேரில் போய்க் கேள். அந்தக் கண்ணாடி டைரக்டர் வீடு உனக்குத் தெரியும். போய், என் ஆத்தா பொய் சொன்னாள் என்று சொல்லிவிடு. என் பெயரை மறைக்க வேண்டாம். உன் வாய் கோணவில்லை. எப்போதும் கோணினதில்லை. நீ சிரித்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

அந்தத் தங்கை வேஷத்தை எடுத்துக்கொள். அவள் எந்த ஊர்க்காரி என்று கேட்டால் நம் ஊர் என்று சொல். என் பேச்சு வேண்டுமானால் எடுத்துக்கொள், என் காலும் வேண்டுமானால் எடுத்துக்கொள். நான் மனசாரச் சொல்கிறேனா என்று நீ சந்தேகப்படுவாய். பாதி மனசுதான் சம்மதிக்கிறது, மீதி இன்னும் கூசுகிறது. அந்த மீதிக்காக நீ காத்திருக்காதே.

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எத்தனையோ வசனக் காகிதத்தில் நீ அதை எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதால் கேட்காமல் விடுகிறேன். முதலில் கம்பெனிக்குப் பதில் போடு. எனக்கு எழுதுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுத மனசு வராவிட்டால் அப்பாவுக்கு மட்டும் எழுது, அவர் படிக்கச் சொல்லிக் கேட்டால் நான் படித்துக் காட்டுகிறேன்.

கீழே என்ன போட்டு முடிப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆத்தா